கடினம் வேறு, ஆயுள் வேறு: பல் அடைப்புப் பொருள்கள் பற்றிய ஓர் உரை

சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ள வருவோர் மருத்துவரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். எந்தப் பொருள் கெட்டியானது என்பது ஒன்று. எது நெடுநாள் நிற்கும் என்பது மற்றொன்று. கெட்டியானதே நெடுநாள் நிற்கும் என்ற எண்ணத்தால் இவ்விரண்டும் ஒரே கேள்வியாகவே கொள்ளப்படுகின்றன. கல்லிலும் இரும்பிலும் பழகிய அறிவு அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் கடந்த இருநூறு ஆண்டுகளில் வாயினுள் வைத்துப் பார்க்கப்பட்ட பொருள்களின் வரலாறு இதற்கு மாறான சான்றைத் தருகிறது. அடைப்பின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதன் கடினத்தைவிட, அடைப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பின் நிலையும், அதை வைத்த கையின் கவனமும், வைத்த இடத்தின் வறட்சியுமே பெரும்பங்கு வகிக்கின்றன என்பதை இவ்வுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது.

கடினம் என்பது ஒரு பொருளின் மேற்பரப்பு கீறலையும் அழுத்தத்தையும் தாங்கி, பள்ளம் விழாமல் நிற்கும் தன்மையாகும். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தாருக்கு இப்பண்பு புதியதன்று. செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் மாநகரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பல தலைமுறைகளாகக் குடிசைத் தொழிலாக நடந்து வந்துள்ளது. கல்லைக் குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டி, சுழலும் தட்டில் பிடித்து, ஒவ்வொரு முகமாகத் தீட்டியெடுக்கும் அத்தொழிலாளிக்கு எந்தக் கல் எவ்வளவு நேரத்தில் தேயும் என்பது விரல் நுனியில் தெரியும். 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியக் கனிமவியலாளர் வகுத்த பத்துப்படி அளவில், இயற்கை வைரம் பத்தாம் படியிலும், செயற்கை மாணிக்கமாகவும் நீலமாகவும் தீட்டப்படும் குருந்தக்கல் ஒன்பதாம் படியிலும், 'அமெரிக்க வைரம்' எனக் கடைகளில் வழங்கும் சிர்கோனியா எட்டுக்கும் எட்டரைக்கும் இடையிலும் நிற்கின்றன. மனிதப் பல்லின் வெளிப்போர்வையான பற்சிப்பி, அதாவது எனாமல், அதே அளவில் ஏறத்தாழ ஐந்தாம் படியில் உள்ளது.

மோஸின் அளவு வரிசையை மட்டுமே சொல்லும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தூரத்தைச் சொல்லாது. எனவே ஆய்வுக்கூடங்களில் வேறு முறைகள் கையாளப்படுகின்றன. 1920களில் இங்கிலாந்தில் உருவான விக்கர்ஸ் முறையில், எதிரெதிர் முகங்களுக்கிடையே 136 பாகைக் கோணம் கொண்ட நான்முகக் கூம்பாகச் செதுக்கிய வைர நுனி, குறித்த எடையில் சில நொடிகள் பொருளின் மேல் அழுத்தப்படுகிறது. பின்னர் அது விட்டுச்சென்ற சதுரக் குழியின் மூலைவிட்டங்கள் நுண்ணோக்கியில் அளக்கப்படுகின்றன. குழி சிறிதானால் பொருள் கடினமானது. 1939இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் உருவான நூப் முறையில் வைர நுனி நீண்டு ஒடுங்கிய சாய்சதுர வடிவம் கொண்டிருப்பதால், பல் போன்று எளிதில் விரிசல் விடும் மெல்லிய பொருள்களை அளக்க அது கூடுதலாக ஏற்றது. நூப் முறையில் எனாமலின் எண் ஏறத்தாழ 340. அதன் அடியிலுள்ள தந்தினி என்னும் அடுக்கின் எண் 70க்குச் சற்றுக் குறைவு. வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கத்துக்கு ஏறத்தாழ 110, பீங்கானுக்கு 450க்கு மேல்.

எனாமலுக்கும் தந்தினிக்கும் உள்ள இந்த ஐந்து மடங்கு வேறுபாட்டில்தான் பல்லின் நுட்பம் அடங்கியுள்ளது. எனாமல் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது, அதாவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅப்படைட் படிகம்; உடலின் எலும்பைவிடக் கடினமானது, ஆனால் தனித்து நின்றால் எளிதில் நொறுங்கக்கூடியது. தந்தினியில் தாது ஏறத்தாழ 70 விழுக்காடு; மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழையும் நீரும். ஆய்வுக்கூடத்தில் எனாமலின் மேல் வைர நுனியை அழுத்தினால் குழியின் மூலைகளிலிருந்து மெல்லிய விரிசல்கள் கிளம்புவதைக் காணலாம். தந்தினியிலோ குழி மட்டும் விழுகிறது, விரிசல் எளிதில் ஓடுவதில்லை. கடினமான போர்வையை வளைந்து கொடுக்கும் அடித்தளம் தாங்கி நிற்பதாலேயே, கடைவாய்ப் பற்கள் ஐம்பது அறுபது கிலோ எடைக்கு நிகரான கடிவிசையை நாள்தோறும் ஏற்றும் உடையாமல் இருக்கின்றன. இழந்த எனாமலை உடல் மீண்டும் படைப்பதில்லை, ஏனெனில் அதைப் படைத்த உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன; அடைப்புப் பொருளின் தேவை இங்குதான் தோன்றுகிறது.

அத்தேவை மிகப் பழையது. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கட் இடுகாட்டில், ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒன்பது மனிதர்களின் பதினொரு பற்களில் கல்நுனித் துரப்பணத்தால் துளையிட்ட தடயங்கள் காணப்பட்டன என்று 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க இருதயம் பூச்சி அரித்த பல்லின் குழியை வெல்லத்தாலோ தேன்மெழுகாலோ நிரப்பிச் சூடிடும்படி கூறுகிறது. மெழுகு நிலைத்து நிற்கும் பொருளன்று. வலி தணிப்பதே அன்றைய நோக்கமாக இருந்தது.

நிலைத்து நிற்கும் அடைப்பு எனத் தகுந்த முதற்பொருள் தங்கத் தகடு. பதினைந்தாம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவ நூலில் அதன் குறிப்பு உள்ளது; 1855இல் அமெரிக்கரான ராபர்ட் ஆர்தர், சூடேற்றிய தங்கத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்திக் குழிக்குள் அவற்றைத் தட்டித் தட்டி இறுக்கும் முறையைப் பரப்பினார். தூய தங்கம் அடைப்புப் பொருள்களிலேயே மென்மையானவற்றுள் ஒன்று. தட்டும்போது சற்று இறுகினாலும் எனாமலின் கடினத்துக்கு அருகில்கூட வராது. ஆயினும் முறையாக வைக்கப்பட்ட தங்க அடைப்புகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் நின்றுள்ளன. தங்கம் துருப்பிடிப்பதில்லை, வெப்பத்தால் விரியும் அளவில் எனாமலுக்கு நெருங்கி நிற்கிறது, மென்மையான உலோகமாதலால் விளிம்பில் பல்லோடு இழைந்து படிகிறது. கடினமே ஆயுள் என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது சிர்கோனியா. பட்டறைகளில் பட்டை தீட்டப்படும் அதே சிர்கோனியம் ஆக்சைடுதான், இட்ரியம் ஆக்சைடு குறைந்த அளவில் கலந்து, நுண்படிகங்களாகச் சுட்டெடுக்கப்பட்டு, இன்று திருச்சி தில்லைநகர் மருத்துவமனைகளில் பல்லுக்கு மூடி, அதாவது கேப், செய்யப் பயன்படுகிறது. அதன் விக்கர்ஸ் எண் 1200ஐத் தொடும். எனாமலைப் போல் மூன்று, நான்கு மடங்கு. ஆனால் பல் மருத்துவத்தில் அதற்கு இடம் கிடைத்தது இந்தக் கடினத்தால் அன்று. விரிசல் ஒன்று உள்ளே நுழைய முயலும்போது, அதன் நுனியிலுள்ள படிகங்கள் வேறொரு படிக வடிவுக்கு மாறி, பருமனில் சில விழுக்காடு பெருத்து, விரிசலின் வாயை நெருக்கி அடைத்துவிடுகின்றன. இம்முறிவெதிர்ப்பே அதன் சிறப்பு. கடினமோ, மெருகு கெட்டால், எதிரே கடிக்கும் இயற்கைப் பல்லுக்கு இடர் விளைவிக்கக்கூடியது. மெருகு இழந்து சொரசொரப்பான பீங்கான் எதிர்ப்பல்லின் எனாமலை அரத்தைப் போல் தேய்த்துவிடும். நன்கு மெருகேற்றிய சிர்கோனியா, அதனினும் கடினமானதாயினும், குறைவாகவே தேய்க்கிறது. எனவே தேய்மானத்தைத் தீர்மானிப்பது கடின எண்ணைவிட மேற்பரப்பின் வழவழப்பே ஆகும்.

அமால்கத்தின் வரலாறு இவ்விரு முனைகளுக்கும் நடுவில் அமைவது, சற்று விரிவாகப் பேசத்தக்கது. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியோடு ஏறத்தாழ சம எடை பாதரசத்தைக் கலந்தால், சில நிமிடங்கள் பிசைந்த மாவைப் போல் இளகி நின்று பின்னர் கல்லாக இறுகும் கலவை கிடைக்கிறது. 1830களில் குராக்கூர் உடன்பிறப்புகள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றபோது எழுந்த எதிர்ப்பு அத்துணைப் பெரிது: அந்நாட்டின் பல் மருத்துவச் சங்கம் உறுப்பினர்களிடம் அமால்கத்தைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி கேட்டு, அச்சண்டையிலேயே 1856இல் கலைந்தது. 1890களில் சிகாகோவின் ஜி.வி. பிளாக் கலவையின் விகிதங்களைச் சீர்செய்து, இறுகும்போது சுருங்காமலும் பெருக்காமலும் இருக்கச் செய்தார். மனிதக் கடிவிசையை அளக்கும் கருவி ஒன்றையும் அவர் வடிவமைத்தார்.

இருந்தும் பிளாக்கின் கலவையில் ஒரு குறை எஞ்சியிருந்தது. வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து உருவாகும் காமா-2 என்னும் கூறு அமால்கத்தின் மிகப் பலவீனமான, எளிதில் அரிக்கப்படும் பகுதி. அதனால் அடைப்பின் விளிம்பு, தொடர்ந்த கடிவிசையில் மெல்லப் பிதுங்கி ஊர்ந்து, ஆதாரமின்றித் துருத்தி நின்று உடைந்துபோகும்; பொறியியலார் இதனை ஊர்வு என்பர். 1963இல் இன்னெஸ், யூடெலிஸ் என்னும் இருவர் செம்பின் அளவைக் கூட்டியபோது, வெள்ளீயம் பாதரசத்தை விட்டுச் செம்போடு சேர்ந்தது. காமா-2 ஏறக்குறைய மறைந்தது, ஊர்வும் பெரிதும் குறைந்தது. அடைப்பின் கடினம் பெரிதாக மாறாதபோதும் ஆயுள் கூடியது என்பது கருதத்தக்கது. அமால்கத்துக்கு வேறொரு நற்பேறும் உண்டு. அது பல்லோடு ஒட்டுவதில்லை. தொடக்கத்தில் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. ஆயினும் மாதங்கள் செல்லச் செல்ல அதன் அரிமானத்தில் பிறக்கும் உப்புகளே அவ்விடைவெளியை நிரப்பி அடைத்துவிடுகின்றன. தன் துருவாலேயே தன் விளிம்பைக் காத்துக்கொள்ளும் பொருள் வேறொன்று பல் மருத்துவத்தில் இல்லை. எச்சில் சிறிது பட்டாலும், வெளிச்சம் குறைந்தாலும், மருத்துவர் விரைந்து முடித்தாலும் அது பொறுத்துக்கொண்டது. அரசு மருத்துவமனைகளின் நீண்ட வரிசைகளுக்கு அது ஏற்றதாக இருந்ததற்குக் காரணம் இப்பொறுமையே.

அதன் பாதரசம்தான் அதன் முடிவுக்கும் வழிகோலியது. பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு கொடைக்கானலில் கண்டது. அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பின்னரும் மாசு பல்லாண்டுப் பேச்சாக நீடித்தது. 2013இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் இணைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அமால்கம் வைப்பதைத் தவிர்க்க 2022இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மாநாடு 2034ஆம் ஆண்டுக்குள் அமால்கத்தைக் கைவிடுவதென ஏற்றுக்கொண்டது. எனினும் வாயிலுள்ள பழைய வெள்ளி அடைப்பு நன்றாக இருக்கும்போது அச்சத்தால் அதைத் தோண்டியெடுக்க வேண்டியதில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படும், நல்ல பல்லும் சிறிது பறிபோகும்.

அமால்கத்தின் இடத்துக்கு வந்திருப்பது பல்நிற அடைப்பு எனப்படும் காம்போசிட். 1955இல் மைக்கேல் புவோனகோர் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சிறிது அரித்தால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் எனக் காட்டினார். 1962இல் ரஃபேல் போவன் கண்ணாடித்துகள் கலந்த புதுப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்றைய முறை. பல்லை உலர்த்தி, அமிலத்தைப் பதினைந்து முதல் முப்பது நொடி பூசிக் கழுவினால், எனாமல் பளபளப்பு இழந்து சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறித் தோன்றும். அந்த வெளிறல்தான் பற்றுதலின் அடையாளம். அந்நிலையில் எச்சிலோ ஈற்று இரத்தமோ ஒரு துளி பட்டால் நுண்துளைகள் அடைபட்டு, பற்று குலைந்துவிடும். இரப்பர் விரிப்பால் பல்லை மட்டும் தனிப்படுத்துவது இதற்காகவே. பின்னர் ஒட்டுப்பிசின் பூசி, காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்க வேண்டும்.

கடின அளவு மெய்யாகவே பயன் தருவது இங்குதான். ஒளி போதவில்லையெனில் மேற்பரப்பு கல்லாக இறுகியிருக்கும். மருத்துவர் கருவி நுனியால் கீறிப் பார்த்தாலும் குறை தெரியாது. அடிப்பகுதியோ மென்மையாக, முழுவதும் இணையாத பிசினோடு நின்றுவிடும். ஆகவே ஆய்வாளர்கள் அடைப்பின் அடிப்பகுதிக் கடினத்தை மேற்பகுதிக் கடினத்தோடு ஒப்பிட்டு, அது ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால்தான் சரியாக இறுகியது எனக் கொள்கின்றனர். விளக்கின் மின்கலம் முதிர்ந்தாலும், அதன் நுனியில் காய்ந்த பிசின் ஒட்டியிருந்தாலும், கை சிறிது விலகிப் பிடித்தாலும் இவ்விகிதம் சரியும். நோயாளி எழுந்து செல்லும்போது அடைப்பு அழகாகவே இருக்கும். குறை வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும்.

இறுகும்போது காம்போசிட் பருமனில் ஏறத்தாழ இரண்டு, மூன்று விழுக்காடு சுருங்குகிறது. அச்சுருக்கம் விளிம்பை இழுக்கிறது. சூடான காப்பியும் குளிர்ந்த நீரும் மாறி மாறி வரும் வாயில் வேறொரு இழுபறியும் உண்டு: ஒரு பாகை வெப்பத்துக்கு எனாமல் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு விரியும்போது, அமால்கம் 25 பங்கும், காம்போசிட் வகைகள் பலவும் அதனினும் கூடுதலாகவும் விரிகின்றன. ஒட்டியவை தனித்தனி அளவில் விரிந்து சுருங்கினால் ஒட்டு தளரும். தளர்ந்த இடத்தில் கிருமி நுழைந்து, அடைப்பின் அடியில் மீண்டும் சொத்தை பிடிக்கும். மருத்துவர்கள் இதை இரண்டாம் சொத்தை என்பர். 2014இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, கடைவாய்ப் பற்களில் காம்போசிட் அடைப்புகள் தோல்வியுறும் வாய்ப்பு அமால்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு எனவும், இரண்டாம் சொத்தையே அதற்குப் பெருங்காரணம் எனவும் கண்டது. அதே ஆண்டின் மற்றொரு தொகுப்பாய்வு, நன்கு வைக்கப்பட்ட காம்போசிட்டுகளில் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டளவே தோல்வியுறுகின்றன என்றும், நோயாளியின் சொத்தை வாய்ப்பைப் பொறுத்து இது பெரிதும் மாறும் என்றும் காட்டியது. இவ்விரண்டும் முரணானவையல்ல. வைக்கும் விதமும் வாயின் நிலையும் பொருளைவிட முந்துகின்றன என்பதையே இரண்டும் சொல்கின்றன.

அடுத்துச் சொல்லத்தக்கது கண்ணாடி அயனோமர் சிமெண்ட். இலண்டனின் அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சன், கெண்ட் என்னும் இருவர் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட இப்பொருள், கடினத்திலும் முறிவெதிர்ப்பிலும் மற்றவற்றுக்குப் பின்தங்கியது. ஆனால் பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் நேரடியாகப் பிணைகிறது, வெப்ப விரிவில் பல்லை ஒத்திருக்கிறது, புளோரைடை மெல்ல வெளியிடுகிறது. மின்சாரமும் துரப்பணமும் இன்றி, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதனால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் தொடங்கி, பின்னர் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆதரவையும் பெற்றது. 2012இல் வெளியான தொகுப்பாய்வின்படி, நிலைப்பற்களின் ஒரே முகத்தில் இவ்வாறு வைத்த அடைப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஐந்தாண்டு நின்றன. பால்பற்களின் பல முகங்களைத் தழுவிய அடைப்புகளிலோ இரண்டாண்டில் நின்றவை 62 விழுக்காடே. மென்மையான பொருளும் தனக்குரிய இடத்தில் வைத்தால் நிற்கிறது. இடம் மீறினால் விழுகிறது.

இவை அனைத்தையும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மருங்காபுரி போன்ற வட்டத்தின் நோக்கில் பார்ப்பது தகும். மானாவாரி நிலமும் குன்றுகளும் நிறைந்த இப்பகுதியில் சிறப்புப் பல் மருத்துவத்துக்கு மணப்பாறை, திருச்சி, மதுரை போன்ற நகரங்களுக்குச் செல்ல வேண்டும்; கூலிநாள் ஒன்று போய்விடும் என்பதால் வலி பொறுக்காத நிலையில்தான் பலர் செல்கின்றனர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு இம்மண்ணின் தின்பண்டம். மொறுமொறுவென்ற அதைப் புதிதாக அடைத்த கடைவாய்ப் பல்லால் அன்றே கடிக்கலாகாது. அமால்கமும் கண்ணாடி அயனோமரும் முழு வலுப்பெற ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முதல் ஒரு மணி நேரத்தில் அவற்றின் வலு முடிவான வலுவில் ஒரு பங்கே. கொட்டைப்பாக்கை நெடுநாள் மெல்வோருக்கு எனாமலே தட்டையாகத் தேய்ந்து தந்தினி வெளிப்படுகிறது. அவ்வாயில் எந்த அடைப்பும் அச்சிட்ட ஆயுளைத் தராது. தூக்கத்தில் பல் நறநறவெனக் கடிப்போருக்கும் இது பொருந்தும்.

அரசின் முயற்சிகளும் உண்டு: தேசிய வாய் நலத் திட்டம் 2014-15இல் தொடங்கியது. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. மருங்காபுரி மக்களுக்குப் புதுக்கோட்டை அண்டை நகரம். அமால்கத்தை நிறுத்தும் ஆண்டு நெருங்குகையில், அரசு மருத்துவமனைகளுக்குக் காம்போசிட் குழாய்களை மட்டும் வாங்கி அனுப்பினால் போதாது. பொறுமையான ஒரு பொருளை எடுத்துவிட்டு, கண்டிப்பான ஒரு பொருளை அதே அவசரத்தில், அதே எச்சிலில், அதே பழைய விளக்கில் வைக்கச் சொன்னால் ஏழையின் பல்தான் அதற்கு விலை கொடுக்கும். ஒவ்வொரு பல் மருத்துவப் பிரிவுக்கும் இரப்பர் விரிப்பும், எச்சில் உறிஞ்சியும், நீல விளக்கின் ஒளியை மாதந்தோறும் அளக்கும் கருவியும், ஒரு நோயாளிக்குப் போதிய நேரமும், உதவிக்கு ஒரு கையும் வழங்கப்பட வேண்டும். குழந்தைகளின் ஒருமுகச் சொத்தைக்குப் பள்ளியிலேயே கண்ணாடி அயனோமர் வைக்கும் வசதி பரவ வேண்டும். அடைத்துக்கொள்வோரும் எது கெட்டி என்று கேட்பதோடு நில்லாமல், அடைப்பின் விளிம்பைப் பார்த்துச் சொல்லும்படி ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் கேட்பார்களாக.